மனச்சிதைவு ஆய்வுக்கு எது தோது: காந்தக் குழாயா, ஒளித் தொப்பியா?

மனச்சிதைவால் (ஸ்கிசோஃப்ரீனியா) யாரோ தன்னை வேவு பார்ப்பதாக நம்பிப் பயந்துபோயிருக்கும் ஒருவரைக் குறுகலான குழாய்க்குள் படுக்க வைத்து, டம டமவென்ற இரைச்சலுக்கு நடுவே "அசையாதீங்க" என்றால் எப்படி இருக்கும்? பாதியிலேயே எழுந்துவிடுவார், இல்லையென்றால் தலையை ஆட்டிப் படத்தைக் கெடுப்பார். மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைக் காந்தத்தால் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐயின் முதல் தலைவலி இது. ஓரளவு தேறியவர்களின் மூளையைத்தான் அதில் அதிகம் பார்க்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தை ஒளியால் அளக்கும் முறையில் (என்ஐஆர்எஸ்) நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். தலையில் மாட்டும் தொப்பியிலிருந்து அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளி மண்டையோட்டைத் தாண்டிப் போய், சுமார் 3 செ.மீ. தள்ளியுள்ள உணரிக்குத் திரும்பி வருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். ஜப்பானில் பரவலாக நடக்கும் சோதனையைப் பாருங்கள்: முதலில் "அ, இ, உ, எ, ஒ" என்று சும்மா சொல்ல வேண்டும், பிறகு 60 விநாடி, கொடுத்த எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்க வேண்டும். நலமானவர்களுக்கு நெற்றிப் பகுதியில் ஆக்சிஜன் வரைகோடு சட்டென ஏறும், மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்றம் குறைவு, சில சமயம் வேலை முடிந்த பிறகு தாமதமாக எழும். வாய்விட்டுப் பேசும்போதே அளக்க முடிவதுதான் இதில் எனக்குப் பிடித்தது, குழாய்க்குள் தாடை அசைந்தாலே தொல்லை.

சரி, ஓட்டை எங்கே? நெற்றித் தோலில்! பேசும்போது அங்கேயும் ரத்த ஓட்டம் மாறும், அது மூளையின் சமிக்ஞை போலவே வேஷம் போடும். 1 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் கூடுதல் உணரி வைத்துத் தோலின் பங்கைக் கழிக்கிறார்கள். அதைச் செய்யாத பழைய ஆய்வுகளை நான் பாதிதான் நம்புவேன். அடர்ந்த கருமுடியும் ஒளியை விழுங்கும், ஒவ்வொரு முனையின் கீழும் முடியை விலக்கி விலக்கியே பொழுது போய்விடும்.

ஆழம்தான் எஃப்எம்ஆர்ஐயின் பலம். ஒளி மூளையின் மேற்புறணியோடு நின்றுவிடும், ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ், ஸ்ட்ரையாட்டம் போன்ற பகுதிகள் எல்லாம் அதற்கு எட்டாது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தேடுகிறவர்கள், கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்திப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனுக்குத்தான் போக வேண்டும். மில்லிவிநாடி வேகம் வேண்டுமென்றால், மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி.

நெற்றி மடல் பேச்சின்போது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி என்றால் நான் ஒளியைத்தான் எடுப்பேன், நோயைக் கண்டுபிடிக்க அல்ல. ஜப்பானில் 2014 முதல் காப்பீடு இதற்கு இடம் கொடுத்தும், மனச்சோர்வு அறிகுறிகளை வேறுபடுத்தி அறிய உதவும் துணைச் சோதனையாகத்தான் ஏற்றிருக்கிறார்கள்.