பாங்காக்கில் "அரண்மனை இன்று மூடியிருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

பாங்காக் போகிறவர்கள், முக்கியமாக முதல்முறை போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் 28,000 பாட் (தாய்லாந்துப் பணம்) தொலைத்துவிட்டு வந்திருக்கிறோம். நம் பணத்தில் கிட்டத்தட்ட 70,000 ரூபாய்.

கல்யாணமாகி 25 வருடம் நிறைந்ததற்காக நானும் என் கணவரும் போன ஐந்து நாள் பயணம் அது. அரண்மனையையும் அதற்குள் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் சிலையையும் நிதானமாகப் பார்க்கக் கடைசி இரண்டு நாளை ஒதுக்கி வைத்திருந்தோம். நான்காம் நாள் காலை ஒன்பதரைக்குப் படகில் தா சாங் துறையில் இறங்கி, வெள்ளை மதிலை ஒட்டி நடந்தோம். வாசலுக்கு இன்னும் இருநூறு அடிகூட இருக்காது. முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நிறுத்தினார். "இந்தியாவா? வணக்கம்!" என்று கை கூப்பினார். உள்ளே விசேஷ பூஜை நடக்கிறதாம், வெளிநாட்டுக்காரர்களை ஒரு மணிக்கு மேல்தான் விடுவார்களாம். எங்கள் வரைபடத்தை வாங்கி மூன்று வட்டம் போட்டார்: நின்ற புத்தர் கோயில், இன்னொரு சின்னக் கோயில், அப்புறம் ஒரு "அரசு ரத்தின விற்பனை மையம்". வரியில்லாத விற்பனைக்கு இன்றுதான் கடைசி நாள் என்றார். டுக்டுக்கையும் (அந்த ஊர் ஆட்டோ) அவரே கைதட்டி அழைத்தார். மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாட். அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளிப் போகவே அங்கே டுக்டுக்காரர்கள் அதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். இவ்வளவு மலிவாக ஓட்டுகிறவருக்குக் கடைதான் கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ கொடுக்கிறது.

வாட் இந்தரவிஹானில் உள்ள நின்ற புத்தர் 32 மீட்டர் உயரம். பொன்னிறப் பாதத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. அதனாலேயே அந்த மனிதர் மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடியது. இரண்டாவது கோயிலில் ஆளே இல்லை. நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்து, நேற்று அதே கடையில் நீலக்கல் வாங்கியதாகச் சொல்லி ரசீதைக்கூடக் காட்டினார். முன்பின் தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அவர்கள் ஒரே கூட்டம்.

கடையில் குளிர்பானம் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு பெண் நீலக்கல்லால் கண்ணாடித் துண்டில் கீறிக் காட்டி, "அசல் கல்தான் இப்படிக் கீறும்" என்றாள். "ஏங்க, நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதே, யோசிச்சு வாங்கலாமே" என்றேன். "25 வருஷத்துக்கு நான் உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தேன்?" என்று கேட்டு அவர் கார்டை நீட்டிவிட்டார்.

மறுநாள் அதே வாசலுக்குப் போனோம். தினமும் எட்டரை முதல் மூன்றரை வரை திறந்திருக்கும், அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று பலகையே வைத்திருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரோ, "நமக்குத்தான் சர்டிபிகேட் கொடுத்தாங்களே" என்றார். தலைக்கு 500 பாட் கொடுத்து உள்ளே போனோம். மரகத புத்தர் 66 சென்டிமீட்டர்தான், ஆனால் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு பொன்னுக்கு நடுவில் வீற்றிருக்கிறார். பருவத்துக்கு ஒன்றாக வருடம் மூன்று முறை அவருக்கு ஆடை மாற்றும் சடங்கு உண்டு. இதையெல்லாம் பார்க்கத்தான் இத்தனை தூரம் போனோம். எனக்கோ கைப்பையில் இருந்த சின்ன டப்பா மேலேயே நினைப்பு. ராத்திரி விமானம் ஏறிவிட்டோம்.

எங்கள் திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது பழைய குடிசைத் தொழில். அதில் முப்பது வருடம் இருந்த என் பெரியப்பா மகன் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம் கொடுத்தார். உள்ளே இசைத்தட்டு வரிபோல மெல்லிய வளைகோடுகள். "இது உலையில உருக்கி வளர்த்த கல்லும்மா. மண்ணுல விளைஞ்ச நீலத்துல கோடு நேரா, கோணமா ஓடும்." செயற்கை நீலமும் அதே அலுமினியம் ஆக்சைடுதான், கடினமும் ஒன்றுதான், அதனால் அதுவும் கண்ணாடியைக் கீறும். சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தோம். எடை, நிறம், "சஃபையர்" என்ற சொல், அவ்வளவுதான். இயற்கையானது என்று எங்கேயும் எழுதவில்லை.

அரண்மனைக்குப் போகிறவர்கள் வழியில் யாருக்கும் நிற்காமல் டிக்கெட் கொடுக்கும் இடம் வரை நடந்துவிடுங்கள். ராஜ சடங்குக்காக மூடும் நாட்களும் உண்டு, அதை அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சுற்றுலா போலீஸை 1155-இல் கூப்பிடுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். ரசீதும் கல்லும் கையில் இருக்கும்போது, அந்த ஊரிலேயே இருக்கும்போதுதான் கடைக்காரரோடு பேச வழி உண்டு. எங்களுக்கு ஒரு பகல் முழுக்க இருந்தது, சர்டிபிகேட்டை நம்பி அதை விட்டுவிட்டோம்.

வங்கியில் கேட்டதற்கு, நீங்களே விரும்பிக் கையெழுத்துப் போட்ட பில் என்று மறுத்துவிட்டார்கள். கடைக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். கல்லை நேரில் கொண்டுவாருங்கள் என்று ஒரே ஒரு வரி பதில் வந்தது.