பழைய பட்டு கவுனை ட்ரை கிளீனிங்குக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். கணவர் இந்த ஊர்க்காரர். அவருடைய பாட்டியின் பாட்டி 1895இல் தன் கல்யாணத்துக்குக் கையாலேயே தைத்துக்கொண்ட பட்டு உடை போன வருடம் எங்களிடம் வந்தது. வெள்ளை இல்லை, கருநீலம். சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் அப்புறமும் உடுத்தலாம் என்று அப்போது கலர் துணியில்தான் தைப்பார்களாம். பலூன் போல ஊதிய கை, விறைப்பாக நிற்க வேல்போன் (திமிங்கிலத்தின் வாய்த் தகடு) குச்சி வைத்த மேல்சட்டை, தனியாகப் பாவாடை.

மாமியாரின் பிறந்தநாளுக்குள் சுத்தம் செய்துவிடலாம் என்று, 'பழைய திருமண உடைகளில் நிபுணர்கள்' எனப் போர்டு வைத்திருந்த கடையில் கொடுத்தேன். 180 பவுண்டு. என்ன துணி, எந்த வருடத்தியது, ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து வந்தது உடையா அது! பாவாடை பிளேடால் கீறியதுபோல நெடுக நெடுகக் கிழிந்திருந்தது. கையை அயர்ன் போட்டுத் தட்டையாக்கி இருந்தார்கள். இரண்டு குச்சிகளைக் காணோம். கறுப்புக் கண்ணாடிப் பட்டன்களில் மூன்று இப்போது பிளாஸ்டிக்!

"பழைய துணி, அப்படித்தான் ஆகும்" என்றார் கடைக்காரர். அதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். பட்டு நூலில் இயற்கையாகவே இருக்கும் பசையை நீக்கினால் கால்வாசி எடை போய்விடும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு. அதனால் அந்தக் காலத்தில் வெள்ளீய உப்பில் ஊறவைத்து எடையை ஏற்றினார்கள். அந்தப் பட்டு நாளாக நாளாக நொறுங்கும். நிபுணருக்கு இது தெரியாதா? பிறகு நான் பார்த்த துணிப் பாதுகாப்பாளர் (பழைய துணிகளைக் கெடாமல் காப்பதே இவர் தொழில்), மேலே வலையை விரித்து மெதுவாகத் தூசியை உறிஞ்சி எடுத்திருந்தாலே போதும், நனைக்கவே கூடாது என்றார். இப்படிப்பட்டவர்கள் 'ஐகான்' என்ற பாதுகாப்பாளர்கள் அமைப்பின் பதிவேட்டில் கிடைப்பார்கள். நான் அங்கே தேடாமல் போர்டை நம்பினேன்.

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'சேதத்துக்குப் பொறுப்பல்ல' என்று இருக்கிறது. அதைக் காட்டினால் பயப்படாதீர்கள். வேலையை நியாயமான கவனத்தோடு செய்யவேண்டும் என்கிறது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். அந்தப் பொறுப்பை ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம்.

என் தலைவலி, கொடுக்கும் முன் போட்டோ எடுக்காதது. கண்ணாடிப் பட்டன் இருந்ததற்கு ஆதாரம், மாமியாரின் பழைய ஆல்பத்தில் இருக்கும் மங்கலான ஒரு படம்தான். 180 பவுண்டைத் திருப்பித் தருகிறேன் என்கிறார்கள், வாங்கவில்லை. பதினான்கு நாள் கெடு கொடுத்துக் கடிதம் போட்டிருக்கிறேன். இங்கே யாராவது இந்த மாதிரி வழக்குப் போட்டிருந்தால், பரம்பரை உடைக்கு எப்படி மதிப்புப் போட்டார்கள் என்று சொல்லுங்கள்.