காயில் கட்டுவதா, புதிது போடுவதா, கட் அவுட்டை மாற்றுவதா? மலையில் ஓடும் பழைய பைக்குக்கு எது சரிவரும்

பழைய பைக்கில் சார்ஜ் ஏறவில்லை என்று கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் "பெட்டரி போயிருச்சு தம்பி" என்பதுதான். புதுப் பெட்டரி போட்டதும் வண்டி ஓடும், ஓடாமல் என்ன செய்யும், கடையில் சார்ஜ் ஏற்றித்தானே கொடுக்கிறார்கள். அந்தச் சார்ஜ் தீர்ந்த பிறகு மறுபடி ஹோர்ன் முனகும், ஹெட்லைட் மஞ்சளாகும், செல்ப் "டிக்" என்று மட்டும் சொல்லும். இரண்டாவது பெட்டரிக்கும் காசு கொடுத்தபின்தான் பலருக்கு எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலும், அந்தக் கரண்டைப் பெட்டரிக்கு ஏற்றபடி மாற்றி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட் அவுட்டும் (ரெகுலேட்டர்) ஞாபகத்துக்கு வருகின்றன.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நம் பக்கத்தில் யாரும் பழைய ஜப்பான் வண்டியைக் கழித்துக் கட்டவில்லை, இருந்ததைப் பழுது பார்த்தே ஓட்டினோம். அதனால் இருபது, முப்பது வயதான வயரிங்கும் காயிலும் இன்னும் ரோட்டில் இருக்கின்றன. எதற்குக் காசு போடுவது, எதற்குப் போடக்கூடாது என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பு ஓட்டமும் நம் ஓட்டமும் வேறு. கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை என்று நுவரெலியாவுக்கு ஏறும்போது வண்டி இரண்டாம், மூன்றாம் கியரில் அலறும். எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் சார்ஜுக்குக் குறையில்லை, ஆனால் வண்டியின் வேகம் குறைவு, காற்று படுவது குறைவு, காயில் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். இறங்கும்போது கதை தலைகீழ். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு, எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு (2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது பலருக்கு வந்த பழக்கம், எஞ்சின் பிரேக் இல்லாமல் கினிகத்தேனை வளைவுகளில் இறங்குவது பெட்டரியை விட உயிருக்கு ஆபத்து, அது தனிக்கதை). பனிமூட்டத்துக்குப் பகலிலேயே ஹெட்லைட் போட்டிருப்போம், எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும், பெட்டரியிலிருந்து போவது வருவதை விட அதிகம். ஏற்றம் காயிலைச் சாகடிக்கிறது, இறக்கம் பெட்டரியைப் பட்டினி போடுகிறது. இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற சாமானைத்தான் தேட வேண்டும்.

முதலில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பது. இதிலேயே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எஞ்சின் ஓடும்போது பெட்டரி டெர்மினலைக் கழற்றி, நின்றுவிடுகிறதா என்று பார்ப்பது. பழைய கராஜ் பாஸ்மார் கை வைத்ததும் செய்வது இதைத்தான். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். பெட்டரி இல்லாதபோது வோல்ட் கண்டபடி ஏறும், நன்றாக இருந்த கட் அவுட்டும், ஸ்பார்க் கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டியும் அந்த ஒரு நிமிடத்தில் போகலாம். மற்றது மல்டிமீட்டர். மலிவான மஞ்சள் மீட்டரே போதும்.

பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 அல்லது அதற்கு மேல் நிற்க வேண்டும். 12.4க்குக் கீழே இறங்கிவிட்டால், அல்லது செல்ப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால், சரி, பெட்டரியும் வீக்தான். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, ஹைபீம் போட்டு, 4000, 5000 ஆர்.பி.எம். வரை முறுக்கிப் பாருங்கள். 13.8க்கும் 14.8க்கும் நடுவில் நின்றால் சார்ஜ் ஆகிறது. 12.5லிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் கட் அவுட் கட்டுப்படுத்தவில்லை, பெட்டரி கொதிக்கும், பல்ப் ஒவ்வொன்றாகப் போகும். குளிரில் பெட்டரிக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள். 25 பாகையில் 14.2 போதும் என்றால் நுவரெலியாவின் 10 பாகை விடியலில் அதே பெட்டரி 14.5க்குக் கிட்டக் கேட்கும். அதனால் 13.5 காட்டுகிற வண்டி நீர்கொழும்பில் சமாளிக்கலாம், இங்கே காலையில் கழுத்தறுக்கும்.

சார்ஜ் ஆகவில்லை என்று தெரிந்ததும் காயிலுக்குப் பாய வேண்டாம். காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களும் கட் அவுட்டைச் சந்திக்கும் கப்ளரை (வயர் இணைப்புச் சொக்கெட்) கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. மழையும் ஈரமும் சேர்ந்து பித்தளை பச்சை பிடிக்கும், பச்சை பிடித்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் மோசமாகும். கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் போடுவதா, புதுக் கப்ளர் போடுவதா என்று கேட்டால், நான் பற்றவைக்கத்தான் சொல்வேன். நாளைக்குக் காயிலைக் கழற்றும்போது வெட்ட வேண்டும்தான், ஆனால் கடையில் கிடைக்கும் மெல்லிய புதுக் கப்ளர் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விசயம்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் அளப்பதே இல்லை. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைக் கட் அவுட்டின் சிவப்பு வயரிலும் மறுமுனையைப் பெட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் உள்ள வயரிங் சாப்பிடுகிறது என்று அர்த்தம். கட் அவுட்டின் உடம்புக்கும் பெட்டரி மைனஸுக்கும் நடுவிலும் இப்படியே பாருங்கள். கட் அவுட் ஒழுங்காக 14.2 கொடுத்தும் பெட்டரிக்கு 13.4தான் வந்து சேர்கிற வண்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் காயிலும் வேண்டாம் கட் அவுட்டும் வேண்டாம், ஒரு தடித்த வயரும் ஒரு பியூசும் போட்டு நேராகப் பெட்டரிக்கு இழுத்தால் முடிந்தது. சில ஹொண்டா வண்டிகளில் வோல்ட்டைப் பார்ப்பதற்கென்று கட் அவுட்டுக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் சாவி சுவிட்ச் வழியாக வரும். அந்தப் பழைய சுவிட்சில் வோல்ட் இறங்கினால் கட் அவுட் ஏமாந்து தேவைக்கு மேல் சார்ஜ் ஏற்றும், நாமும் அதன் மேல் பழி போட்டு மாற்றிவிட்டு, புதிதும் அப்படியே செய்கிறதே என்று தலையைச் சொறிவோம்.

வயரிங் சரியென்றால் இப்போது காயில். மஞ்சள் வயர்களைக் கழற்றிவிட்டு, ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று சோடியும் அளக்க வேண்டும். 5000 ஆர்.பி.எம்.மில் 50 வோல்ட்டுக்கு மேல் வருவது வழக்கம், சரியான கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். முக்கியமானது மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது. ஒன்று மட்டும் இறங்கி நின்றால் காயில் எரிந்திருக்கிறது. எந்த மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் தொடர்பு காட்டவே கூடாது. ஓம் அளவை மலிவு மீட்டரில் நம்ப வேண்டாம், அரை ஓம்முக்குக் கீழே அது சொல்வதெல்லாம் ஜோசியம். இதையெல்லாம் குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டு "காயில் நல்லாருக்கு" என்று முடிவு கட்டவும் கூடாது. வயரின் மேல் பூச்சான எனாமல் பாதி கெட்ட காயில் குளிரில் ஒழுங்காக இருந்து, சூடானதும்தான் சோர்ட் ஆகும். நல்ல ஏற்றம் ஒன்று ஏறிவிட்டு உடனே அளந்தால்தான் உண்மை தெரியும்.

காயில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய சாமான் வாங்கலாம், சைனா புதிது வாங்கலாம், அல்லது இருப்பதையே திரும்பக் கட்டலாம். பழைய ஜப்பான் காயில் அளவெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், வயர் தரமும் நன்று. ஆனால் அதற்கும் உங்கள் காயில் வயதுதானே? கடை மேசையில் மீட்டர் வைத்து உடம்புக்குச் சோர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம், சூட்டில் என்ன செய்யும் என்று அங்கே சோதிக்க வழியில்லை. காயிலின் எல்லா இரும்புப் பற்களிலும் சுற்றிய வயர் ஒரே நிறத்தில் இருந்தால் வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் விட்டுவிடுங்கள். சைனா புதிது பார்க்க அழகு, விலையும் குறைவு. கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் சிலவற்றில் இரும்புக் கோர் ஒரிஜினலை விடச் சன்னமாக இருக்கிறது, வயர் வெளியே வரும் ரப்பர் சரியாக உட்காராமல் எண்ணெய் கசிகிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கோரின் தடிப்பை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

திரும்பக் கட்டுவதில் எல்லாம் கட்டுகிறவர் கையில் இருக்கிறது. நம் டவுன்களில் வைண்டிங் செய்பவர்கள் அதிகம் கட்டுவது தண்ணீர் மோட்டரும் மின்விசிறியும். அதே வயரையும் அதே வார்னிஷையும் பைக் காயிலுக்கும் போட்டுவிட்டால், எஞ்சினுக்குள் கொதிக்கிற எண்ணெயில் வார்னிஷ் இளகும், எனாமல் உரியும். 180 பாகை தாங்கும் வயர், எண்ணெய் தாங்கும் எபொக்சி, இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். கட்டுவதற்கு முன் பழைய காயிலில் ஒரு பல்லுக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, வயரின் தடிப்பை அளந்து, மூன்று முனைகளும் எப்படி இணைந்திருக்கின்றன என்று எழுதி வைக்க வேண்டும். இங்கேதான் ஒரு ஆசை காட்டுவார்கள்: "அண்ணே, தடிச்ச வயர் போட்டுத் தர்றேன், சார்ஜ் பிச்சுக்கிட்டு வரும்." தடித்த வயர் போட்டால் சுற்று குறையும். சுற்று குறைந்தால் அதிக வேகத்தில் அம்பியர் கூடலாம், குறைந்த வேகத்தில் வோல்ட் வராது. ஹைவேயில் ஓட்டுகிறவருக்கு அது சரிவரலாம், கொழுந்து லொறிக்குப் பின்னால் பனியில் ஊர்ந்து போகிற நமக்கு அது அப்பட்டமான நஷ்டம். ஒரிஜினல் சுற்று எண்ணிக்கையை விட்டு இறங்க விடாதீர்கள். பொறுமையாகக் கட்டித் தருகிற ஆள் கிடைத்தால் மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். கிடைக்காவிட்டால் நல்ல நிறத்தில் உள்ள ஜப்பான் பழையது.

எந்தக் காயில் போட்டாலும் கட் அவுட் பழையபடியே இருந்தால் காயில் மறுபடி அதே சூட்டில்தான் வேகும். பழைய வண்டிகளில் வருவது ஷண்ட் வகை. தேவைக்கு மேல் வரும் கரண்டை அது காயிலுக்கே சோர்ட் செய்து திருப்பிவிடும், அதனால் ஹெட்லைட் போட்டாலும் போடாவிட்டாலும் காயில் எந்நேரமும் முழுச் சுமையில் இருக்கும். எல்.ஈ.டி. போட்டுக் காயிலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஷண்ட் கட் அவுட் உள்ள வண்டியில், மிச்சமான கரண்ட் ஏற்றத்தில் சூடாகத்தான் மாறுகிறது. இறக்கத்திலும் ஊர்கிறபோதும் எல்.ஈ.டி. உண்மையிலேயே பெட்டரிக்கு உதவும், அதற்காகப் போடலாம்.

மொஸ்பெட் எனும் எலக்ட்ரோனிக் சுவிட்ச் வைத்த மொஸ்பெட் ஷண்ட் என்று ஒன்று இருக்கிறது. கட் அவுட் தன்னளவில் குளிர்ச்சியாக இருக்கும், வோல்ட்டும் ஆடாது, ஆனால் காயிலின் பாடு மாறாது. சீரிஸ் வகைதான் வேறு ரகம், தேவையில்லாதபோது கரண்ட் வழியைத் திறந்துவிடும், காயில் கொடுக்க வேண்டியதை மட்டும் கொடுக்கும். ஷிண்டென்ஜென் கம்பனியின் எஸ்.எச். 775 இந்த வகைக்குப் பெயர் போனது. 35 அம்பியர் தாங்கும், நம் 250 சிசி வண்டிக்கு அது யானைப் பலம். குறை என்றால் விலை, பருமன், அப்புறம் போலி. மேலே ஷிண்டென்ஜென் என்று அச்சடித்து உள்ளே சாதாரண ஷண்ட் வைத்து விற்பதும் நடக்கிறது. வழி திறந்திருக்கும்போது மஞ்சள் வயர்களில் ஏ.சி. வோல்ட் முழுதாக ஏறும் என்பதால், எனாமல் ஏற்கனவே வெடித்த காயிலுக்கு இது வைத்தியம் இல்லை. காயிலைக் கட்டும்போதே சேர்த்து மாற்றுவதுதான் முறை. காயில் நல்ல நிலையில் இருந்து கட் அவுட் மட்டும் போன வண்டிக்கு, கையில் காசு இறுக்கமென்றால், தரமான சாதாரண ஷண்ட்டே போதும். காற்றுப் படும் இடத்தில் பூட்டுங்கள், சீட்டுக்குக் கீழே மூடி வைக்காதீர்கள்.

இவ்வளவும் மூன்று மஞ்சள் வயர் வண்டிகளுக்கு. பழைய ஸ்பிளெண்டர் மாதிரிச் சின்ன வண்டிகளில் ஹெட்லைட் காயிலிலிருந்து நேரே ஏ.சி.யில் எரியும், பெட்டரிக்கு ஏ.சி. அலையில் பாதிதான் போகும். எஞ்சின் வேகம் குறைந்தால் லைட் மங்குவது அதன் பிறவிக் குணம், பழுது இல்லை. காயிலின் எர்த் முனையை உடம்பிலிருந்து பிரித்து, முழு அலைக் கட் அவுட் போட்டு, எல்லாவற்றையும் பெட்டரியில் ஓட்டலாம், எல்.ஈ.டி. போடுவதென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகிற, பகலில் மட்டும் தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வருகிற வண்டிக்கு அந்த வேலை வீண் செலவு. பழைய முறையில் ஒரு நன்மையும் இருக்கிறது: பெட்டரி செத்த இரவிலும் எஞ்சின் ஓடும் வரை ஹெட்லைட் எரியும்.

பெட்டரியில் தண்ணீர் ஊற்றுவதா, சீல் செய்ததா என்பதில் பெரிய சண்டை வேண்டியதில்லை. மாதா மாதம் திறந்து பார்க்கிற ஆள் என்றால் தண்ணீர்ப் பெட்டரி மலிவு, மற்றவர்களுக்கு சீல். லித்தியம் மட்டும், கட் அவுட் 14.6ஐத் தாண்டுவதில்லை என்று மீட்டரில் நிச்சயப்படுத்தும் வரை வேண்டாம்.

காயிலைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. காயிலைச் சுற்றிச் சுழலும் மெக்னட் உருளையைக் கழற்ற அதற்கென்று புல்லர் இருக்கிறது, சுத்தியல் போடவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பெயர்ந்து வரும். மூடி கேஸ்கட்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு திறங்கள், ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதைத் தேடி அலைவது பெரிய கொடுமை.