லீவு நாளில் ஷட்டர் தூக்கும் கடைகள்: 365 நாள் அனுமதி எப்படி நடக்கிறது?

அக்டோபர் 2 அன்று தி.நகரில் ஜவுளிக்கடை திறந்திருக்கும், நகைக்கடை திறந்திருக்கும், சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வரிசை நிற்கும். டாஸ்மாக் பூட்டியிருக்கும். "அரசு விடுமுறைதானே, இவங்க மட்டும் எப்படித் திறக்கிறாங்க?" என்ற கேள்வி வருடா வருடம் வருகிறது. சட்டப்படிதான் திறக்கிறார்கள். தேசிய விடுமுறை என்பதற்காகக் கடையை மூடு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. கடையில் வேலை பார்ப்பவருக்கு அந்த நாளைக் கொடு, கொடுக்க முடியாவிட்டால் அதற்கான விலையைக் கொடு என்கிறது. வருடம் முழுக்கக் கடை திறக்க அரசு தந்திருக்கும் 365 நாள் அனுமதியை மதிப்பிட இந்த ஒரு விஷயம் போதும்: கதவு திறந்திருக்கிறதா என்பதைவிட, உள்ளே நிற்பவருக்குக் கணக்கு நேராகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் பழைய சட்டம். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 11-ஆம் பிரிவில், ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுக்க மூட வேண்டும் என்கிறது. எந்த நாள் என்பது கடைக்காரர் விருப்பம். ஆனால் அதை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியே வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக்கூடாது. பாரிமுனையும் ரிச்சி தெருவும் ஞாயிறு அன்று வெறிச்சோடுவதும், சலூன்கள் செவ்வாய்க்கிழமை மூடுவதும் நாளடைவில் வழக்கமாகிப்போனவை. அரசு வருடா வருடம் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருக்கும். அது அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்குமானது, தனியார் கடையைக் கட்டாது. கடைக்குப் பொருந்துவது 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அதோடு ஐந்து பண்டிகை நாட்கள், முதலாளியையும் தொழிலாளியையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வர் முடிவு செய்வது. ஆக மொத்தம் ஒன்பது நாள்.

இதன் மேல் வந்ததுதான் 2019 மே 28 தேதியிட்ட அரசாணை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். முதலில் மூன்று வருடத்துக்கு என்று வந்தது, 2022-லும் 2025-லும் நீட்டிக்கப்பட்டது. வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல சேவை. வாரம் ஆறு நாளும் ஷிப்ட் பார்க்கும் குடும்பத்துக்குப் பள்ளிச் சீருடை வாங்கவும் ஃபிரிட்ஜ் பார்க்கவும் கிடைக்கும் நாளே ஆகஸ்ட் 15 மாதிரியான நாள்தான்.

குறை என்று சொன்னால் முதல் குறை அந்தப் பத்து என்ற எண். மூன்று பேரை வைத்து நடக்கும் தெருமுனை மளிகைக்கடைக்கு இந்த அனுமதி கிடையாது. வாரம் ஒரு நாள் கடையை மூடுவது அதற்கு இன்னும் கட்டாயம். எதிர்ச்சாரியில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்துமஸ் அன்று 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகளைத்தான் திறக்கக்கூடாது. சின்னக் கடை திறந்துகொள்ளலாம். அங்கே பெரியவனுக்குக் கடிவாளம், இங்கே சின்னவனுக்கு. அண்ணாச்சி கடைக்காரர்கள் இதைப் பற்றி வருத்தப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. மூன்று பேரையும் முறை வைத்து அனுப்ப முடிகிற கடைக்கு ஏன் இந்தச் சலுகை கூடாது என்பதற்கு நல்ல பதில் இல்லை.

இனி அனுமதியின் நிபந்தனைகள். ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வாரம் ஒரு நாள் ஓய்வு. வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக்கூடாது. ஓவர்டைம் உள்பட சம்பளம் முழுக்க அவரவர் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலைக்கு வைக்கக்கூடாது. எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் கொடுத்தால் 8 முதல் காலை 6 வரை வைக்கலாம், ஆனால் பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் முதலாளி பொறுப்பு. பண்டிகைச் சமயத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். பத்தரை மணிக்கு ஷட்டர் இறங்கும்போது "கடைசி பஸ் இருக்கும்மா, போயிடு" என்பது போக்குவரத்து வசதி ஆகாது.

இவற்றில் வாடிக்கையாளர் தாமே சோதித்துப் பார்க்கக்கூடிய நிபந்தனை ஒன்று உண்டு. அன்றைக்கு யார் யார் விடுமுறையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தை நாள்தோறும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் கடையில் பில் கவுண்டருக்குப் பக்கத்திலோ படிக்கட்டுத் திருப்பத்திலோ ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். மேலே அன்றைய தேதி, கீழே மார்க்கரில் பெயர்கள், எதிரே "வார ஓய்வு", "மாற்று விடுப்பு" என்று காரணம். ஒழுங்கில்லாத கடையில் பலகையே இருக்காது, இருந்தால் தேதி போன மாதத்தோடு நின்றிருக்கும். அல்லது லேமினேட் செய்த தாளாக இருக்கும். தினமும் மாற வேண்டிய பட்டியலை லேமினேட் செய்தாலே அது கண்துடைப்பு என்று தெரிந்துவிடும். பலகையைப் பார்க்கும்போதே நாற்காலியையும் பாருங்கள். கடைகள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவுப்படி விற்பனையாளர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும். புடவைக் கட்டுகளை அடுக்கி ஸ்டூலை மறைத்து வைத்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

அடுத்து பணம். தேசிய, பண்டிகை விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு ஊதியத்துடன் கூடிய மாற்று விடுப்பு. மாதம் 15,000 வாங்குபவருக்கு 30-ஆல் வகுத்தால் நாள் கூலி 500. அன்றைக்கு 1,000 கணக்கில் வர வேண்டும். பல இடங்களில் நடப்பது வேறு: மதியம் பிரியாணி, சாயந்திரம் கவரில் 200 ரூபாய் பேட்டா. பேட்டா கொடுப்பது நல்ல மனசு, ஆனால் அது இரட்டைச் சம்பளத்துக்கு ஈடாகாது, பதிவேட்டிலும் ஏறாது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 அன்று தொழிலாளர் துறை ஆய்வர்கள் கடை கடையாகப் போய்ப் பார்ப்பது இந்தப் பதிவேட்டைத்தான்.

வாசலில் ஷட்டரே இறங்க வேண்டிய இடங்கள் இரண்டு: மதுவும் இறைச்சியும். டாஸ்மாக், அதோடு இணைந்த பார்கள், கிளப் மற்றும் ஓட்டல் பார்கள் எல்லாம் திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் இராமலிங்கர் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகிய எட்டு நாள் மூடப்படும். பொங்கலும் தீபாவளியும் இதில் இல்லை. மிலாடி நபி பிறையைப் பொறுத்தது என்பதால் வருடத் தொடக்கத்தில் அச்சான காலண்டரை நம்ப முடியாது. 2024-இல் செப்டம்பர் 16 என்று இருந்த விடுமுறை 17-க்கு மாறியது. தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி 48 மணி நேரம் மது விற்பனை கூடாது. அதே வாக்குப்பதிவு நாளில் தொகுதி வாக்காளராக இருக்கும் ஊழியருக்கு, கடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சம்பளத்தோடு லீவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு இது.

இறைச்சியில் சென்னை மாநகராட்சி உத்தரவு பேசும். மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் போன்ற நாட்களில் பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை இறைச்சிக்கூடங்கள் மூடப்படும். ஜெயின் கோயில்களிலிருந்து 100 மீட்டருக்குள் உள்ள இறைச்சிக்கடைகளும் மூட வேண்டும், வணிக வளாகங்களில் பதப்படுத்திய இறைச்சியும் விற்கக்கூடாது. 365 நாள் அனுமதி வாங்கிய சூப்பர் மார்க்கெட்டுகள் சறுக்குவது இந்தக் கடைசி வரியில். கடை திறந்திருக்கும், ஃபிரீசரும் திறந்திருக்கும், சாசேஜும் சிக்கன் நகெட்ஸும் வழக்கம்போல ஸ்கேன் ஆகும். முந்தைய நாள் இரவே பில்லிங் மெஷினில் அந்தப் பொருட்களின் பார்கோடை நிறுத்திவிட்டு, ஃபிரீசர் மேல் ஒரு தாள் ஒட்டினால் கவுண்டரில் சண்டை வராது.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. விடுமுறைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே, வேலைக்கு வரச் சொல்லும் ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். ஒரு நகல் ஆய்வருக்கு, ஒரு நகல் கடைச் சுவரில். பெயருக்கு எதிரே இரட்டைச் சம்பளமா மாற்று விடுப்பா என்று அப்போதே குறித்துவிடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சு சம்பள நாளில் தகராறாகத்தான் முடியும். மாற்று விடுப்பில் ஒரு பழைய தவறு இன்னும் ஓடுகிறது. ஆகஸ்ட் 15 வேலை பார்த்தவருக்கு அந்த வாரத்து ஓய்வு நாளையே "மாற்று விடுப்பு" என்று எழுதிவிடுவார்கள். வார ஓய்வு வேறு, மாற்று விடுப்பு வேறு. அந்த வாரப் பலகையில் அவர் பெயர் இரண்டு தேதிகளில் வந்திருக்க வேண்டும்.