3-ஐத் தொட்டுப் பார்: ஓர் எண்கோட்டுச் செயலி

நேரிய அசமன்பாடுகளை, அதாவது சமக்குறிக்குப் பதில் பெரிது, சிறிது குறிகள் வரும் கணக்குகளை, என் மகள் சரியாகத் தீர்த்துவிடுவாள். எண்கோட்டில் வரையும்போதுதான் சொதப்புவாள். 3 > x என்று இருந்தால், குறியின் கூர் வலப்பக்கம் பார்க்கிறதே என்று அம்பையும் வலப்பக்கமே விடுவாள். 1631-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் நூலில் அச்சேறிய குறி, இன்றும் பிள்ளைகளைப் படுத்துகிறது!

அதற்காகத்தான் இந்தப் பயிற்சிச் செயலியைப் போனில் இறக்கினேன். கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, திரையில் உள்ள எண்கோட்டில் வட்டத்தை வைத்து அம்பை இழுக்க வேண்டும். வட்டத்தைத் தட்டினால் நிரம்பும் (அந்த எண்ணும் விடையில் சேரும்), மறுபடி தட்டினால் வெறுமையாகும் (சேராது).

எனக்குப் பிடித்தது சோதனைப் புள்ளி. கோட்டில் எந்த எண்ணைத் தொட்டாலும், அதை முதல் கணக்கிலேயே போட்டுக் காட்டுகிறது. 7 − 3x > 1 என்ற கணக்குக்கு மகள் x > 2 என்று முடித்து, வலப்பக்கம் இழுத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "3-ஐத் தொட்டுப் பார்" என்றேன். −2 > 1 என்று சிவப்பில் வந்தது. "ஐயோ, −3-ஆல் வகுத்தேன், குறியைத் திருப்பவே இல்லை!" அப்புறம் 2-ஐத் தொட்டாள். 1 > 1, அதுவும் சிவப்பு. ஆக, 2-ல் வெற்று வட்டம், அம்பு இடப்பக்கம்.

ஆனால் குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி ஏன் திரும்புகிறது என்பதைச் செயலியில் ஒரே வரி விதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா? நானே தாளில் 2, 5 இரண்டையும் குறித்து, −1-ஆல் பெருக்கச் சொன்னேன். இரண்டும் பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கம் போயின. வலப்பக்கம் தூரத்தில் இருந்த 5, இப்போது இடப்பக்கம் தூரத்தில் −5. சின்னது பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

−1 ≤ 2x + 3 < 7 மாதிரி இரட்டைக் கணக்குகள் நன்றாகவே இருக்கின்றன: −2-ல் நிரப்பிய வட்டம், 2-ல் வெற்று வட்டம், நடுவே கோடு. சின்னத் திரையில் விரலே வட்டத்தை மறைத்துவிடுகிறது என்பது மட்டும் தொல்லை.

பெரிய குறை வேறு. x இயல் எண், x < 4 என்றால் விடை 1, 2, 3 என்று மூன்று புள்ளிகள்தான். இவர்களோ கோடு இழுத்தால்தான் பச்சை காட்டுகிறார்கள். மகள் சரியாகப் புள்ளி வைத்துத் தப்பு வாங்கினாள். எழுதிப் போட்டேன், பதில் இல்லை.

5-க்கு மூன்றரை. இயல் எண் கணக்குகளை மட்டும் தாளிலேயே போடுகிறோம்.