நான்காவது செஸ்ட் நம்பர்: மூன்று எஸ்.எஸ்.பி. தோல்விக்குப் பிறகு 14 மாதம் எதை வைத்துத் தயாரானேன்

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் ஐந்து நாள் தேர்வுதான் எஸ்.எஸ்.பி. அங்கே போனதும் நிரப்பச் சொல்லும் பி.ஐ.க்யூ. என்கிற சுயவிவரப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இதற்கு முன் எந்த வாரியத்துக்குப் போனீர்கள், எந்த பேட்ச், என்ன செஸ்ட் நம்பர் (நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் அடையாள எண்) என்று கேட்கும். முதல் தடவை அதில் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. நான்காம் தடவை போனபோது மூன்று வரி எழுதினேன். மூன்றாவது தோல்விக்குப் பிறகான 14 மாதத்திலும் அதற்கு முன்னும் என்னென்ன பயன்படுத்தினேன், எது கைகொடுத்தது என்பதை மறுபடி மறுபடி போகிற என்னைப்போன்ற ரிப்பீட்டர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஸ்கிரீனிங் என்கிற முதல்நாள் வடிகட்டலிலேயே வெளியே வந்துவிட்டேன். மங்கலான படம் ஒன்றை 30 விநாடி காட்டுவார்கள், கதை எழுத 4 நிமிடம். அப்புறம் ஆளுக்கொரு நிமிடம் தன் கதையைச் சொல்லி, குழுவே பேசி ஒரு பொதுக்கதைக்கு வர வேண்டும். என் குழுவில் பேச்சு சட்டென்று இந்திக்கு மாறிவிட்டது. சாத்தூரில் வளர்ந்த எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கடைசிவரை வாய் திறக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் தடவை ஐந்து நாளும் இருந்து கான்ஃபரன்ஸ் அவுட், அதாவது கடைசி நாள் வாரியக் கூட்டத்துக்குப் பிறகு தேர்வாகவில்லை. முதல்முறை வருகிறவர்களுக்குத்தான் ரயில் கட்டணம் திருப்பித் தருவார்கள். அதே நுழைவுக்கு மறுபடி போனால் கைக்காசுதான். அப்பாவிடம் மூன்றாம் தடவை டிக்கெட்டுக்குப் பணம் கேட்டது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இனி பயன்படுத்தியவை. முதலில் கோச்சிங். இரண்டாம் தடவைக்கு முன்னால் வெளியூரில் தங்கி இரண்டு வாரம் படித்தேன். குழுவாகத் தடைகளைக் கடக்கும் மைதானப் பகுதிக்கு அது உண்மையிலேயே உதவியது. பல்லி என்கிற மரத்தடி, ஃபட்டா என்கிற பலகை, கயிறு மூன்றையும் முதன்முதலில் கையால் தொட்டது அங்கேதான். தடைகளில் பூசியிருக்கும் எந்த நிறத்தில் கால் வைக்கலாம், எதில் பொருள் படக்கூடாது என்பதைப் புத்தகத்தில் நூறு தடவை படித்தாலும், மைதானத்தில் கட்டையைக் கட்டும்போதுதான் மண்டையில் ஏறும். உளவியல் பகுதிக்கு அந்த வகுப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டி.ஏ.டி. என்கிற, படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வின் கதைகளுக்கு ஓர் அச்சு கொடுத்தார்கள்: கிராமத்து இளைஞன், வெள்ளம், நண்பர்களைத் திரட்டுதல், கலெக்டர் பாராட்டு. எங்கள் பேட்சில் இருந்த அத்தனை பேரும் அதையே மனப்பாடம் செய்தோம். அந்தக் கதைகளைப் படிக்கும் உளவியலாளருக்கு எங்களில் யார் எவர் என்று எப்படித் தெரியும்?

அடுத்தது போன் ஆப். வாட் தேர்வில் 60 சொல், ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு வாக்கியம் எழுத 15 விநாடி. ஆப்பில் சொல் வரும், மணியடிக்கும், அடுத்த சொல் வரும். வேகம் கூடியது உண்மை. இந்தச் சூழ்நிலையில் என்ன செய்வாய் என்று கேட்கும் எஸ்.ஆர்.டி.யில் 30 நிமிடத்துக்கு 60 சூழ்நிலை. இரண்டாம் தடவை 38 எழுதினேன், மூன்றாம் தடவை 57. அப்படியிருந்தும் வெளியே அனுப்பினார்கள். எண்ணிக்கை ஏறினால் போதும் என்று நம்பி ஒரு வருஷத்தைத் தொலைத்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இன்னொன்று, ஆப்பில் விரலால் தட்டிப் பழகிவிட்டு அங்கே பேனா பிடித்தால் பாதியிலேயே கை வலிக்கும். ஆப்பை மணியடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, எழுதுவதைத் தாளுக்கு மாற்றினேன்.

எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமா ஒருவர் இருக்கிறார். என் எஸ்.ஆர்.டி. தாள்களை ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல நீ நெசமாச் செஞ்சது எத்தனை?" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. காட்டுத்தீயை அணைத்திருந்தேன், கொள்ளையரைப் பிடித்திருந்தேன். எங்கள் தெருத் தொட்டியின் மோட்டார் பதினோரு நாளாக ஓடாமல் கிடந்தது, அதற்கு ஒரு மனுகூட எழுதவில்லை.

அன்றைக்கு 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இந்த 14 மாதத்தில் எனக்கு அதிகம் உழைத்த பொருள் அதுதான். முறை எளிது. தேதி. இன்று என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன், யாரைக் கேட்டேன், என்ன விட்டுப்போச்சு. தமிழில்தான் எழுதினேன். முதல் மாதம் பெரும்பாலும் 'ஒன்றும் செய்யவில்லை' என்றே இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப எழுத மனசு கூசவே, வேலைகளை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். மோட்டாருக்கு வீட்டுக்கு வீடு வசூல், தெருப் பையன்களின் கபடி அணிக்குச் செயலாளர் வேலை. ஒரு தடவை போட்டிக்குப் புறப்படும் காலையில் பேசிய வேன் வரவில்லை. ஏழு பேரை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மீதிப் பேரை டூ வீலரில் கொண்டுசேர்த்தோம். அடுத்த முறை முதல்நாள் இரவே டிரைவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

வாரக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் படித்து, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எளிய ஆங்கிலத்தில் ஒரே வரியாக்குவேன். நான் தமிழில் யோசிக்கிற ஆள். முன்பெல்லாம் 15 விநாடியில் நாலைந்து விநாடி மொழிபெயர்ப்பிலேயே போய்விடும், அந்த அவசரத்தில்தான் கைடு புத்தகத்தில் மனப்பாடம் செய்த வாக்கியம் வந்து விழும். செய்த வேலைக்கு அந்தத் தேடல் வேண்டியிருக்கவில்லை. நான்காம் தடவை எஸ்.ஆர்.டி.யில் 49 தான் எழுதினேன், மூன்றாம் தடவையைவிடக் குறைவு. டி.ஏ.டி.யின் பன்னிரண்டாவது படம் வெற்றுத்தாளாக வரும். முன்பு அதற்கென்றே ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். இந்தத் தடவை வேன் வராத காலையை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் குழுவையும் சொல்ல வேண்டும். மதுரை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஆறு ரிப்பீட்டர்கள் கூடுவோம். ஓட்டம், கயிறேற்றம், பிறகு குழுப்பேச்சு. தேர்வில் ஆளாளுக்குத் தாண்ட வேண்டிய தனித்தடைகள் பத்து, நேரம் 3 நிமிடம், எல்லாம் முடித்தால் 55 மதிப்பெண். எதை எந்த வரிசையில் எடுப்பது என்று தரையில் கோடு கிழித்துப் பழகினோம். லெக்சரெட் என்கிற குறும்பேச்சுக்கு 3 நிமிடம் யோசித்து 3 நிமிடம் பேசுவதையும் ஒருவருக்கொருவர் மணி பார்த்துச் செய்தோம். பேச்சு இந்திக்கு மாறினால் என்ன செய்வது என்பதற்கும் அங்கேதான் வழி பிறந்தது. ஹவில்தார் மாமாவிடம் காதால் புரிந்துகொள்ளும் அளவுக்கு இந்தி பழகினேன், பதில் ஆங்கிலத்தில். நான்காம் தடவை அப்படித்தான் நடந்தது. கூச்சலுக்கு நடுவே, "இரண்டு கதையிலும் அந்த மனிதர் விவசாயிதான், அதை முதலில் முடிவு செய்வோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள்.

இன்டர்வியூவில் அதிகாரி பி.ஐ.க்யூ.வில் நான் எழுதிய அந்த மூன்று வரியைக் காட்டி, போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாற்றம் என்று கேட்டார். இதே கேள்விக்கு மூன்றாம் தடவை 'தன்னம்பிக்கை வளர்ந்திருக்கிறது' என்றேன், எதை வைத்து என்று கேட்டபோது பதில் இல்லை. இந்தத் தடவை மோட்டார் வசூலில் பணம் தர மறுத்த நாலு வீட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். மூன்று வீடு கடைசியில் தந்தது, ஒரு வீடு தரவே இல்லை. அதையும் சொன்னேன்.

ஐந்தாம் நாள் தேர்வானவர்களாக இரண்டு செஸ்ட் நம்பர் வாசித்தார்கள், ஒன்று என்னுடையது. மருத்துவப் பரிசோதனையில் காதில் அழுக்கு என்று தற்காலிகமாக நிறுத்தினார்கள், பிறகு சரிசெய்துகொண்டேன். புறப்படும் முன்பே காது, பல் இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால்தான் சென்னைப் பரங்கிமலை ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சிக் கழகம்) வாசல். அது இன்னும் வரவில்லை. நேற்று நோட்டில் எழுதியது: 'கபடி மைதான விளக்கு, மூன்றில் ஒன்று எரியவில்லை. எலக்ட்ரீஷியன் செவ்வாய் வருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கள் இரவு போன் செய்ய வேண்டும்.'