இடுப்புல ஒரு வருஷமா இருக்குற சிக் பி365, என் அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், சட்டைக்குள்ள மறைச்சு இடுப்புல வச்சுக்க நான் வாங்குன மொத துப்பாக்கி இந்த சிக் பி365 இல்ல. மொதல்ல வாங்குனது பாயிண்ட் 380 கேலிபர்ல ஒரு குட்டி பிஸ்டல், பேரு வேணாம், எடை 300 கிராம் கூட வராது, பேன்ட் பாக்கெட்ல போட்டா பர்ஸ் வச்சிருக்க மாதிரி தான் தெரியும். கடையில கையில வாங்குனதும் இதான்யா நமக்குன்னு தோணிருச்சு. ரேஞ்சுல சுடும்போது தான் தெரிஞ்சுது, கடுகு சிறுத்தாலும் காரம் குறையல. கிரிப்ல, அதாவது கைப்பிடியில, ரெண்டு விரல் தான் நிக்குது, சுண்டு விரல் அந்தரத்துல தொங்குது, ஒவ்வொரு தடவ சுட்டதும் பிடி நகர்ந்துடுது, திரும்ப சரி பண்ணி பிடிச்சு குறி பாக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது, ரெண்டாவது மேகசின் (தோட்டா அடைச்சு சொருகுற கூடு) முடியும்போது கட்டைவிரல் இடுக்குல தோல் செவந்துருச்சு. அதோட அத எடுத்துட்டு ரேஞ்சுக்கு போகவே மனசு வரல. பிராக்டிஸ் பண்ண பிடிக்காத துப்பாக்கிய இடுப்புல வச்சுகிட்டு என்ன பண்றது?

அடுத்து அப்படியே எதிர்பக்கம் போய் பெரிய சைஸ் பிஸ்டல், க்ளாக் 19. 1988ல இருந்து இருக்கு, 15 ரவுண்டு, அதாவது 15 தோட்டா பிடிக்கும், சுட அவ்வளவு சொகமா இருக்கும், குறை சொல்ல எதுவும் இல்ல. ஆனா ஃபுல்லா லோட் பண்ணா 850 கிராம் கிட்ட வருது, அது கூட பரவால்ல, என் பிரச்சனை கிரிப். இத யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல, மறைச்சு வைக்க இடைஞ்சல் பண்றது பேரல், அதாவது குழல் நீளம் இல்ல, கிரிப் நீளம். பேரல் எவ்வளவு இருந்தாலும் பேன்ட்டுக்குள்ள போயிடும், கீழ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டும்போது சட்டைய தூக்கிகிட்டு நிக்கிறது கிரிப் தான். நல்ல உடம்புக்காரங்க, லூசா சட்டை போடுறவங்க 19ஐ அசால்ட்டா மறைச்சுடுவாங்க, நான் ஒல்லி, எனக்கு செட் ஆகல.

அப்பறம் தான் பி365. 2018ல இது வந்தப்ப ஏன் எல்லாரும் அப்படி ஆச்சரியப்பட்டாங்கன்னா, அதுக்கு முன்னாடி இந்த சைஸ்ல 9 எம்எம் தோட்டா போடுற பிஸ்டல்னா பெரும்பாலும் ஆறு ஏழு ரவுண்டு தான், 2015ல வந்த க்ளாக் 43க்கே 6 தான். சிக் கம்பெனிக்காரங்க மேகசின அடியில தோட்டா மாத்தி மாத்தி ரெண்டு வரிசையா உக்காந்து மேல போகப்போக ஒத்த வரிசையா குறுகுற மாதிரி பண்ணி 10 ரவுண்டு உள்ள வச்சுட்டாங்க. தடிமன் ஒரு அங்குலம் தான், காலி மேகசினோட அரை கிலோ. அமெரிக்காவுல சில மாநிலத்துல மேகசினுக்கு 10 தான் லிமிட், அங்க இருக்கவங்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

குறைன்னு பாத்தா, சுடும்போது கையில உதை இருக்கு, க்ளாக் 19 சுட்டுட்டு உடனே இத எடுத்தா நல்லாவே தெரியும். பேரல் 3.1 அங்குலம் தான், குறி பாக்குற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி கம்மி, கை கொஞ்சம் ஆடுனாலும் குறி பேப்பர்ல பெருசா விலகும். 10 ரவுண்டு மேகசின்ல என் சுண்டு விரல் பாதி தான் நிக்குது, 12 ரவுண்டு மேகசின் போட்டா முழுசா நிக்கும், ஆனா கிரிப் நீளும், மறுபடி அதே குனியுற கதை. நான் இடுப்புல 10, ஸ்பேரா ஒரு 12ன்னு வச்சிருக்கேன். சேஃப்டி சுவிட்ச் உள்ளது இல்லாதது ரெண்டும் கிடைக்குது, நான் இல்லாதது தான் எடுத்தேன். பழகாத கைக்கு சுவிட்ச் இருந்தாலும் ஆபத்து, இல்லாட்டியும் ஆபத்து.

ரிவால்வர் எடுக்கலாமேன்னு கேப்பீங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ஃப்ரெண்டு ஒருத்தர் வச்சிருக்கார், 5 ரவுண்டு, ஹேமர் (பின்னாடி இருக்க சுத்தி) உள்ளயே மூடி இருக்கறதால பாக்கெட்ல எதுலயும் மாட்டாது. ஆனா ட்ரிகர் நீளமா கனமா இழுக்கணும், பாதி இழுக்கும்போதே என் குறி ஓடிப்போச்சு. புதுசா வர்றவங்களுக்கு இது சுலபம்னு ஏன் தான் கொடுக்கறாங்களோ.

இப்ப ஹோல்ஸ்டர், துப்பாக்கிய சொருகி வைக்கிற உறை. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்கு பாத்தவன் கதை தான் என்னோடது. ஒரு மலிவான துணி ஹோல்ஸ்டர் வாங்குனேன், துப்பாக்கிய உருவுனதும் வாய் அப்படியே மூடிக்கும், திரும்ப வைக்க இன்னொரு கை வேணும். வீட்ல காலி துப்பாக்கியோட, சேம்பர, அதாவது பேரலோட பின்னால தோட்டா உக்காருற இடத்த, ரெண்டு தடவ பாத்துட்டு தான், உருவி வைக்க பழகிட்டு இருந்தேன், ஜாக்கெட் நாடாவோட முனையில இருக்க பிளாஸ்டிக் குமிழ் ட்ரிகர சுத்தி இருக்க வளையத்துக்குள்ள போய் மாட்டி, நான் துப்பாக்கிய உறைக்குள்ள அமுக்குறேன், உள்ள டிக்னு ஒரு சத்தம். லோட் ஆகி இருந்திருந்தா தொடைய தொளச்சிருக்கும். அன்னைக்கே அத குப்பையில போட்டுட்டு கைடெக்ஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர், ட்ரிகர முழுசா மூடுறது, வாய் விறைப்பா நிக்கிறது வாங்குனேன், கூடவே நல்ல தடிமனான பெல்ட்டு. பெல்ட் மாத்துனதுக்கு அப்பறம் துப்பாக்கி பாதி எடை ஆன மாதிரி இருக்கு, நெசமா. இப்ப திரும்ப வைக்கும்போது சட்டைய இன்னொரு கையால தூக்கி பிடிச்சு, கண்ணால பாத்து, மெதுவா தான் வைப்பேன், இதுல அவசரம்னு ஒன்னு கிடையவே கிடையாது.

இடுப்புல வைக்கறது ஹாலோ பாயிண்ட் தோட்டா, பட்டதும் விரிஞ்சு வேகம் குறையும், பின்னாடி நிக்கிறவன் வரைக்கும் துளைச்சு போற வாய்ப்பு கம்மி. சில ஊர்ல அதுக்கும் கட்டுப்பாடு இருக்கு, லைசென்ஸ் சட்டத்தோட அதயும் சேத்து பாத்துக்கோங்க. பிராக்டிஸ்க்கு சாதா தோட்டா தான், ஆனா இடுப்புல வைக்கிற அதே பெட்டி தோட்டாலயும் 200 சுட்டு பாத்தேன், ஒன்னு கூட சிக்கல. வேர்வை உடம்புங்கறதால வாரம் ஒருக்கா எண்ணெய் துணியால துடைக்கறேன், ராத்திரி ஆனா லாக் பாக்ஸ்.

என் வீட்டம்மாவுக்கு மட்டும் இது ஒத்து வரல, ஸ்பிரிங் டைட்டா இருக்கறதால ஸ்லைட, அதாவது மேல நகர்ற பாகத்த, பின்னுக்கு இழுக்க கை வலிக்குதுங்கறா. அவளுக்காக ஷீல்டு ஈஸின்னு ஒரு பிஸ்டல் பாத்து வச்சிருக்கோம், ஸ்லைடு லேசா வருது, சைஸ் கொஞ்சம் பெருசு. அடுத்த வாரம் ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டு பாக்க சொல்லிருக்கேன், நான் பண்ண மாதிரி கடையில கையில பிடிச்சு பாத்தே வாங்கிட வேணாம்னு.